பொறுக்கியெடுத்த பெட்டி

மனிதர்களில் பொருளை வாங்குகிறவர்கள் ஒரு வகை. வாங்க முடியாமல் கடை வாசலில் நின்று பெருமூச்சு விடுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு பேரையும் ஒரே மாதிரிப் பரிதாபமாகப் பார்க்கிற மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அவர் கையில் பணம் இருக்கும், கடையில் பொருளும் இருக்கும், ஆனாலும் வாங்க மாட்டார். ஏனென்றால் அது ஏற்கெனவே செய்து முடித்த பொருள். யாரோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து, எதையோ உள்ளே வைத்து, மூடி, நாலு திருகாணியை முடுக்கி அனுப்பியிருக்கிறான். அதை நம்பி வாங்குகிறவன் ஏமாளி. இவர் அப்படியில்லை. ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் உசத்தியானதைத் தேடிப் பொறுக்கி, ஊரில் யாரிடமும் இல்லாதபடி தனக்கென்று ஒன்றைச் சேர்த்துவிடுவார். சேர்த்துவிட்டாரா என்று கேட்காதீர்கள். சேர்க்கப் போகிறார்.

இவரைப் பார்ட்ஸ்காரர் என்று வைத்துக்கொள்வோம். அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். அதற்குப் பின்னால் கிழித்த சிகரெட் அட்டை ஒன்று இருக்கும். அதில் ஒரு பட்டியல், அடித்து எழுதியது, அடித்ததற்கு மேல் எழுதியது, எழுதியதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டது. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இவருடைய கண் இலையில் இருக்காது, பந்தலில் தொங்குகிற ஒலிபெருக்கியின் பின்பக்கத்தில் இருக்கும். ஆரம்பித்த வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒருநாளும் சொல்ல மாட்டார். 'எல்லாம் வந்துருச்சு, ஒண்ணுதான் பாக்கி' என்பார்.

அந்த ஒன்று எது? அது மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்றுக்குக் குறையாது.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. என்றாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் வருஷத்து ஆடியிலும் ஆவணியிலும் போடிநாயக்கனூர் ஒச்சப்பனைப் பார்க்காதவர்கள், இதை முழுசாகப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஒச்சப்பனுக்கு ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் தரம் பிரிக்கிற வேலை. மலையிலிருந்து மூட்டை இறங்கியதும் ஒரு கை அள்ளுவார். வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார், உள்ளங்கையில் உருட்டுவார், முகர்ந்து பார்ப்பார், ஒன்றை எடுத்து முன்பல்லால் கடிப்பார். இது முற்றல், இது பொக்கு, இது உலர்த்தும்போது தீ கூடிப்போனது என்று மூட்டையின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. இருபது வருஷம் இப்படி ஒரே வேலையைத் திறமையாகச் செய்ததில் அவருக்கு ஒரு கெடுதல் நடந்துவிட்டது. உலகத்தில் எந்தப் பொருளையும் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எழுபத்தெட்டில் அவர் சைக்கிள் 'சேர்த்த' கதையைப் பக்கத்து ஊரான சிலமலை வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பிரேம் தேனியில் எடுத்தார், ரிம் மதுரையில் எடுத்தார், செயினுக்குத் திண்டுக்கல் போனார், சீட்டுக்காக ராசிங்காபுரத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரின் பின்னால் ஆறு மாதம் அலைந்தார். கடைசியாக மனசுக்குப் பிடித்த பெல் கிடைத்த அன்றைக்குப் பார்த்தால், தரையைத் தொடாமலே டயர் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. டயரில்தான் ஏமாந்துவிட்டோம் என்று அவர் இன்றைக்கும் நடந்தே வேலைக்குப் போகிறார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் ஆடி பிறந்த நாலாம் நாள் காசிமாயன் வந்து இறங்கினான். ஒச்சப்பனின் பெண்டாட்டி சந்திரவல்லிக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி அவன். பஹ்ரைனில் லாரி ஓட்டுகிறான். அறுபது நாள் லீவு. அது முடிந்து போனால் அடுத்த ஒப்பந்தம் மூன்று வருஷம், நடுவில் லீவு கிடையாது.

அக்காவுக்கு அவன் சேலை கொண்டுவந்தான், டார்ச் லைட் கொண்டுவந்தான், மணக்கிற சோப்பு கொண்டுவந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் துண்டில் சுற்றி ஒரு பெட்டி கொண்டுவந்தான். சோற்றுச் சட்டி மூடி அளவில் தட்டையான பெட்டி. இரண்டு பக்கமும் ஒயர் நீண்டு, ஒயரின் நுனியில் திருகுகிற குமிழ் ஒவ்வொன்று. இதை டி.வி.யில் மாட்டினால் திரையில் ஒரு பந்து ஓடும், ஆளுக்கு ஒரு மட்டை, குமிழைத் திருகி மட்டையை ஏற்றி இறக்கிப் பந்தைத் தட்ட வேண்டும், தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி என்று விளக்கினான்.

அவன் அதைச் சும்மா வாங்கிவரவில்லை. அம்மாவும் அப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்தது சந்திரவல்லி. சாயங்காலமானால் அழுகிற பிள்ளையை அமர்த்த, தரையில் கரிக்கோடு போட்டுப் புளியங்கொட்டையைத் தேய்த்து அவனோடு தாயம் ஆடுவாள். சின்னப் பையனாயிற்றே என்று ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடுப்பாளா? மாட்டாள். பத்து வருஷம் ஆடினார்கள், பத்து வருஷமும் அவன் தோற்றான். பஹ்ரைனில் கடைக்காரன் இந்தப் பெட்டியைக் காட்டியபோது, அக்காவுக்குத் தெரியாத ஆட்டம் ஒன்று உலகத்தில் வந்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதுல நீ தோக்கப் போறக்கா" என்றான்.

"கையில குடுத்துப் பாரு" என்றாள் சந்திரவல்லி.

எல்லாம் சரி, வீட்டில் டி.வி. இல்லை. அந்த வருஷம் போடியில் டி.வி. இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். இருந்தவர்களும் வீட்டு உயரத்துக்கு இன்னொரு பங்கு ஆன்டெனா நட்டு, இலங்கை ஒளிபரப்பு என்ற பெயரில் பொரியும் புள்ளியும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசிமாயனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவனுடைய பெட்டிக்கு ஒளிபரப்பே வேண்டாம், டி.வி. ஒன்று இருந்தால் போதும். நாளைக்கே மதுரைக்குப் போய் ஒன்றை எடுத்துவந்துவிடலாம், செலவு தன்னுடையது என்றான்.

மூட்டையைப் பார்க்காமல் ஏலத்தில் விலை சொன்னவனைப் பார்க்கிற மாதிரி ஒச்சப்பன் அவனைப் பார்த்தார்.

"மாப்ளே, மூட்டைய அவுக்காம ஏலக்கா வாங்குவியா நீ? ரெடிமேட் செட்டுல உள்ள என்ன போட்டுருக்கான்னு எவனுக்குத் தெரியும்? நான் சேத்துத் தர்றேன். பத்தே நாள்."

பார்ட்ஸ்காரர் வாயிலிருந்து 'பத்தே நாள்' என்று வந்துவிட்டால் கேட்டவர் என்ன செய்ய வேண்டும்? பேசாமல் எழுந்து போய்க் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். காசிமாயனுக்கு அந்த அனுபவம் போதாது. சரி மாமா என்றான்.

ஒச்சப்பன் முதல் வேலையாக ரேடியோ மெக்கானிக் பேச்சிமுத்துவைப் பிடித்தார். பேச்சிமுத்து நல்ல கைக்காரன். பாகம் எல்லாம் வந்து சேர்ந்தால் இரண்டு நாளில் பற்றவைத்துப் படம் வரவைத்துவிடுவான். அவன் பட்டியல் எழுதித் தந்தான். மதுரையில் இன்ன கடை, இன்ன செட், ஒரே பொட்டலமாகக் கொடுப்பான், வாங்கி வாருங்கள் என்றும் சொன்னான். ஒரே பொட்டலம் என்ற சொல் ஒச்சப்பனின் காதில் விழவே இல்லை.

மறுநாள் காலை ரயிலில் மதுரைக்குப் போனார். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கண்டன்சர் கேட்டார். கடைக்காரர் எண்ணிக் கொடுக்க வந்தார். எண்ணுவதாவது? ஒரு டப்பாவையே கொண்டுவரச் சொல்லி, பேப்பரை விரித்து, அதில் கொட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், உள்ளங்கையில் உருட்டினார், முகர்ந்தார். ஒன்றைக் கடிக்கப் போனபோது கடைக்காரர் பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நம்பர், இதில் என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"நம்பர் ஒண்ணுதான் அண்ணே. முகம் வேற" என்றார் ஒச்சப்பன்.

அன்றைக்குச் சாயங்காலம் பதினாறு கண்டன்சரோடு ஊர் திரும்பினார். வேண்டியது அறுபது. மற்றதெல்லாம் பொக்கு.

இப்படியே ரயிலும் பஸ்சுமாக ஆடி மாதம் ஓடியது. பிக்சர் டியூபுக்கு மட்டும் மூன்று தடவை போனார். பந்து தட்டுவதற்குச் சின்ன டியூப் போதாதா என்று பேச்சிமுத்து கேட்டான். நாளைக்கு ஊரே பார்க்க வந்தால் என்ன செய்வது என்று பெரிய டியூபாக வாங்கினார். பெரிய டியூப் வந்ததும், அதன் கழுத்தில் மாட்டுகிற யோக் சேரவில்லை. யோக்கை மாற்றினார். அது போர்டோடு சேரவில்லை. போர்டை மாற்றப் போன இடத்தில், கோயம்புத்தூரில் இதைவிட நல்ல போர்டு அடுத்த மாதம் வருகிறது என்று முன்பின் தெரியாத ஆள் ஒருவர் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். கையில் இருந்த போர்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பார்ட்ஸ்காரருக்குச் சொந்த அண்ணன் தம்பி சொன்னால் நம்பிக்கை வராது. டீக்கடையில் நிற்கிற அந்நியர் சொன்னால் வேதவாக்கு.

ஆட்டப் பெட்டியிலிருந்து வருகிற சத்தம் ஒன்றே ஒன்றுதான். மட்டையில் பந்து பட்டால் 'டொக்'. அதற்குத் திருவிழாவில் கட்டுகிற அளவில் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிவந்தார். ஏன் என்று கேட்டதற்கு, டொக்காக இருந்தாலும் நல்ல டொக்காக இருக்க வேண்டாமா என்றார். பிறகு ஸ்டெபிலைசர். கரண்ட் ஏறி இறங்கினால் செட்டைக் காப்பாற்றுகிற பெட்டி அது. சாதாரணமாகக் கையில் பிடித்துத் தூக்கிவிடலாம். இவர் பொறுக்கியதைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. இதை வைத்துக்கொண்டு மாவு மில் ஓட்டலாமே என்று பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான்.

சந்திரவல்லி தினமும் காலையில் ஆட்டப் பெட்டியைத் துடைத்து, துண்டைப் போட்டு மூடி, அலமாரியில் வைப்பாள். காசிமாயன் பொறுமையிழந்து ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டான், மதுரையில் ரெடிமேட் செட் ஒன்றை வாங்கிவந்து நிறுத்திவிடலாம் என்று. அவள்தான் வேகுவேகென்று நடந்து போய் அவனை மடக்கிக் கூட்டிவந்தாள்.

"ஒரு மாசமா அலைஞ்சு பொறுக்கி வச்சிருக்காருடா. நீ ஒரே நாள்ல வாங்கிட்டு வந்து வச்சா, அந்த மனுசன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கிறது? செஞ்சிருவாரு. இரு."

ஒச்சப்பனைப் பற்றி இப்படி நம்பிப் பேச உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அது அவருக்குத் தெரியுமா? தெரியாது. அன்றைக்கு அவர் தேனியில், டி.வி. முன்னால் வைக்கிற குமிழுக்குக் கறுப்பு நல்லதா வெள்ளி நல்லதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்தது. நாற்பதாம் நாள் ஒன்றுதான் பாக்கி. நாற்பத்தைந்தாம் நாளும் ஒன்றுதான் பாக்கி. ஐம்பத்தைந்தாம் நாள் கோயம்புத்தூர் போர்டும் வந்து சேர்ந்தது. பேச்சிமுத்து கூடத்தில் பரப்பியிருந்ததையெல்லாம் ஒரு தடவை பார்த்தான். நிஜமாகவே பாக்கி ஒன்றுமில்லை. நாளைக் காலையில் கடைக்குக் கொண்டாருங்கள், ஐம்பத்தெட்டாம் நாள் படம் வந்துவிடும், அக்காவும் தம்பியும் இரண்டு நாள் ஆடலாம் என்று கணக்குச் சொன்னான். சந்திரவல்லி அன்றைக்கு வடை சுட்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஒச்சப்பன் பார்ட்ஸ்காரரே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் மலைப்பக்கமிருந்து சாரல் அடிக்க ஆரம்பித்தது. ஒச்சப்பன் ஒரு கண்டன்சரை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். குளிர்ச்சியாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. ஏலக்காய்க்காரனுக்குக் கள்ளனைவிடப் பெரிய எதிரி ஈரம். ஈரத்தோடு மூட்டை கட்டினால் நிறம் வெளுக்கும், பூசணம் பிடிக்கும், இருபது வருஷத்துப் பேர் போகும். இத்தனை அலைந்து பொறுக்கிய சரக்கை ஈரத்தோடு ஒருத்தன் கையில் கொடுப்பதா? பேச்சிமுத்துவிடம் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே, பற்றவைக்கிற சூட்டில் ஈரமெல்லாம் ஓடிவிடும் என்று சொல்லியிருப்பான். பார்ட்ஸ்காரர் தெரிந்தவனிடம் கேட்க மாட்டார்.

சாரலோடு சாரலாக ஒரு ஜீப்பு பிடித்தார். முதலாளியின் ஏலத் தோட்டம் குரங்கணிக்கு மேலே இருக்கிறது. அங்கே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் உண்டு. மூடிய கட்டடம், வெளியே அடுப்பு, உள்ளே தகரக் குழாய் வழியாகச் சூடு ஓடும், சுவரை ஒட்டி வரிசையாகக் கம்பிவலைத் தட்டுகள். பாகங்கள் அத்தனையையும் சாக்கில் போட்டு ஏற்றினார். ஸ்டெபிலைசரை மட்டும் ஜீப்பு டிரைவர் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அது வீட்டிலேயே கிடந்தது. பிக்சர் டியூபை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த ரோட்டில் ஜீப்பு துள்ளுகிற துள்ளலில் மனிதருடைய குடலே இடம் மாறும். டியூபில் கீறல்கூட விழவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும், இது தட்டில் அடங்காது என்று சொல்லிவிட்டார்கள். அதே டியூபை அதே மடியில் வைத்து அதே ரோட்டில் திரும்பக் கொண்டுவந்தார்.

ஸ்டோருக்குப் பொறுப்பு மொக்கையன். முப்பது வருஷமாக அந்த அடுப்பைப் பார்க்கிறவன். சொன்னதைச் சொன்னபடி செய்வான், கேள்வி கேட்க மாட்டான். அவனிடம் சாக்கைக் கொடுத்து ஒச்சப்பன் சொன்னதை அப்படியே இங்கே கொடுக்க வேண்டியிருக்கிறது.

"ஏலக்காய்க்கு என்ன பக்குவமோ, அதே பக்குவம். ஒண்ணும் குறையக் கூடாது மொக்கையா."

இரண்டு நாள் கழித்து, ஐம்பத்தேழாம் நாள் சாயங்காலம், மொக்கையனே சரக்கை எடுத்துக்கொண்டு போடிக்கு இறங்கிவந்தான். முகத்தில் நல்ல வேலை செய்த திருப்தி. போர்டு, யோக், டிரான்ஸ்பார்மர் எல்லாம் ஒரு சாக்கில். கூடவே மூன்று துணிப்பை. அதற்கு மேல் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். நன்றாகக் காய்ந்துவிட்டது என்றான். கூடத்தில் காசிமாயனும் சந்திரவல்லியும் நின்றார்கள், பேச்சிமுத்துவும் தகவல் தெரிந்து வந்திருந்தான்.

ஒச்சப்பன் முதல் பையை அவிழ்த்து ஒரு கை அள்ளினார். கண்டன்சர்கள். உருண்டையாக, மொழுமொழுவென்று, பளபளப்பாக இருந்தன. ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

கண்டன்சரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு சின்ன உருளை, அதன் அடியில் மெல்லிசான கம்பிக் கால் இரண்டு. அந்தக் காலைப் போர்டில் செருகித்தான் பற்றவைக்க வேண்டும். ஏலக்காயைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? உலர்ந்ததும் அதன் நுனியில் காம்பும் பூவாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு ஆறுவதற்குள் கம்பிவலையில் போட்டுக் கையால் அரக்கித் தேய்த்து அந்த வாலையெல்லாம் உதிர்த்துவிடுவதும், பிறகு சல்லடையில் சலித்து அளவு பிரிப்பதும்தான் பக்குவம்.

"வாலெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன் அப்பு" என்றான் மொக்கையன். "ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாலு. லேசுல வரல, நாலு ஆளு சேந்து தேச்சோம். பெருசு, நடுத்தரம், பொடிசுன்னு மூணாச் சலிச்சாச்சு. வாலைத் தனியாக் கட்டியிருக்கேன், வீணாப் போகக் கூடாதுன்னு."

காகிதப் பொட்டலத்தில் ஒரு பிடி கம்பி இருந்தது.

சாக்கை அவிழ்த்தால் போர்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. யோக்கின் பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. டிரான்ஸ்பார்மருக்குள்ளிருந்த மெழுகு ஒழுகிச் சாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? சொன்னதைத்தான் அவன் செய்திருக்கிறான். ஒச்சப்பன் நடுத்தரப் பையை அவிழ்த்தார், பொடிசுப் பையையும் அவிழ்த்தார், உள்ளங்கையில் உருட்டினார். இருபது வருஷத்துப் பழக்கம் எங்கே போகும்?

"நல்லாத்தான் சலிச்சிருக்க" என்றார்.

பேச்சிமுத்து பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுப் பாயாசம் வைக்கலாம், டி.வி. வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். மறுபடி மதுரைக்குப் போய் முதலிலிருந்து எல்லாம் வாங்கிவர ஒரு வாரம் வேண்டும். காசிமாயனுக்கு இருந்தது மூன்று நாள்.

அதில் இரண்டு நாள், இருக்கிற கம்பியை இருக்கிற கண்டன்சரில் ஒட்டவைக்க ஏதாவது பசை உண்டா என்று ஒச்சப்பன் ஊரெல்லாம் விசாரித்ததில் போயிற்று.

கடைசி நாள் சாயங்காலம் காசிமாயன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். காலையில் பஸ்சு; திருவனந்தபுரத்தில் விமானம். சந்திரவல்லி அவனுக்கு ஊறுகாய்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, புருஷனிடம் வந்தாள்.

"ஏங்க, ஆயிருச்சா?"

அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "எல்லாம் வந்துருச்சு. ஒண்ணுதான்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் சண்டை போடவில்லை. அலமாரியைத் திறந்தாள், துண்டோடு ஆட்டப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள், வாடா என்று தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுச் சுந்தரம்மாளிடம் டி.வி. இருக்கிறது. பொங்கலுக்கு வாங்கியது. ரெடிமேட். அந்த ஒரே காரணத்துக்காக ஒச்சப்பன் எட்டு மாதமாக அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இவ்வளவு நாளாக ஏன் கேட்கவில்லை என்று சுந்தரம்மாள் கோபித்துக்கொண்டே பாயை எடுத்துப் போட்டாள்.

ஐந்து நிமிஷம். ஒயரை மாட்டினான், குமிழைத் திருகினான், கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடும் ஒரு வெள்ளைப் புள்ளியும் வந்துவிட்டன. முதல் நாலு புள்ளி காசிமாயனுக்குப் போயிற்று. அவன் தொடையைத் தட்டிக்கொண்டான். அதற்குள் சந்திரவல்லிக்குக் குமிழின் வாகு பிடிபட்டுவிட்டது. பந்து எங்கே போகும் என்று அவள் பார்க்கவில்லை, தம்பியின் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். பத்து வருஷம் பார்த்த கண்தானே. பிறகு அவனுக்கு ஒரு புள்ளி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது.

தெருவில் நின்ற ஒச்சப்பனுக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். பிறகு உள்ளே வந்தார். வந்தவர் எங்கே போவார்? டி.வி.க்குப் பின்னால் போய், குனிந்து, காற்றுப் போகிற ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். சாலிடரிங் சுமார், கோடு லேசாகச் சாய்கிறது, டியூப் இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று தீர்ப்புச் சொன்னார். கேட்கத்தான் ஆள் இல்லை.

பதினைந்து எடுத்தால் ஜெயிக்கிற ஆட்டம் அவளுக்குப் பதினாலு, அவனுக்கு ஏழு என்று நிற்கையில் வோல்டேஜ் இறங்கிவிட்டது. ஏழு மணிக்கு ஊர் முழுக்க விளக்கு போட்டால் அப்படித்தான். திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கி, பந்து மங்கி, மட்டை நெளிந்தது. சுந்தரம்மாள் அவ்வளவுதான் என்று கையை விரித்தாள். காசிமாயன் குமிழைக் கீழே வைத்தான். சந்திரவல்லி வைக்கவில்லை, குமிழைப் பிடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சப்பன் ஓடினார். இரண்டு ஆள் தூக்குகிற ஸ்டெபிலைசரை ஒற்றை ஆளாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து, மூச்சிரைக்க வந்து இறக்கினார். மாட்டினார். அது ஒரு தடவை உறுமியது. படம் விரிந்து, பந்து பளிச்சென்று நின்றது.

நின்ற பிறகும் அவர் பின்பக்கத்தை விட்டு நகரவில்லை. ஸ்டெபிலைசரின் முள் ஆடுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"முன்னால வந்து பாருங்க" என்றாள் சந்திரவல்லி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்தார். சுவரை ஒட்டி உட்கார்ந்தார். இரண்டு கோடு, ஒரு புள்ளி. இதற்குத்தான் அறுபது நாள், பதினோரு ரயில், அத்தனை உசத்தியான பாகம். அந்த வெளிச்சத்தில் பெண்டாட்டியின் முகம் சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது. அலமாரியில் துண்டு போட்டு மூடி இதைத்தான் இத்தனை நாள் வைத்திருந்தாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அதை மறைக்க அவருக்குச் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. அதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

கடைசிப் புள்ளியும் சந்திரவல்லிக்குத்தான். ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா என்றான் காசிமாயன்.

"ஜெயிக்கணும்னா திரும்பி வா" என்றாள் அவள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் நின்றார்கள். சந்திரவல்லி தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள். பஸ்சு உறுமியபோது ஒச்சப்பன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் வெட்கம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ராத்திரி தூங்கி எழுந்ததில் அது உலர்ந்துவிட்டது.

"நேத்துப் பாத்தியா மாப்ளே? ரெடிமேட்காரன் செட்டு படுத்துருச்சு, நம்ம ஸ்டெபிலைசர்தான் தூக்கி நிறுத்துச்சு. பொறுக்கி எடுத்த சரக்கு அப்படி. நீ வர்றப்ப நம்ம செட்டு ரெடியா இருக்கும். ஸ்டெபிலைசரும் டியூபும் இருக்கு, மத்ததுதான் பாக்கி."

காசிமாயன் அக்காவைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூணு வருஷம் இருக்குல்ல, பாக்கலாம் என்றாள். பஸ்சு போன பிறகு நேராக வீட்டுக்குப் போய், ஆட்டப் பெட்டியைத் துடைத்து, துண்டு போட்டு மூடி வைத்தாள். அலமாரியில் இல்லை. சுந்தரம்மாள் வீட்டு டி.வி.யின் மேலே.

இதையெல்லாம் படித்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. உங்கள் சட்டைப் பையில் டெஸ்டர் இல்லை, பட்டியல் இல்லை, அதனால் உங்களுக்கும் ஒச்சப்பனுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். ஒரே ஒரு சோதனை இருக்கிறது. மொக்கையன் கண்டன்சரைத் தேய்த்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது? ஐயோ, அந்த அக்காவும் தம்பியும் என்ன செய்வார்கள் என்று தோன்றியிருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். ஸ்டோரில் கொடுத்திருக்கக் கூடாது, வீட்டிலேயே அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் போட்டு வைத்திருந்தால் போதுமே என்று தோன்றியிருந்தால், தயவுசெய்து உள்ளே போய், நீங்கள் முடித்துத் தருவதாகச் சொன்ன ஏதோ ஒன்றுக்காக உங்கள் வீட்டில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பானையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.